குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்: தேர்வு, பொருத்தல், பழுது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜன்னல் இருக்கும்போது ஃபேன் எதற்கு?

ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே வருமா வெளியே போகுமா என்பது வெளியில் அடிக்கும் காற்றைப் பொறுத்தது. ஒரு நாள் ஈரம் நன்றாக வெளியேறும். மறுநாள் காற்றுத் திசை மாறினால் அதே ஈரமும் வாடையும் படுக்கையறைக்குள் வரும். ஃபேன் ஓடினால் குளியலறையில் காற்றழுத்தம் சற்றுக் குறையும், வீட்டுக் காற்று குளியலறைக்குள் இழுபடும், அங்குள்ள காற்று வெளியே தள்ளப்படும். திசை எப்போதும் ஒன்றுதான்.

குளித்து ஒரு மணி நேரத்துக்குள் சுவர் காய்ந்துவிடும் குளியலறைக்கு ஃபேன் கட்டாயமில்லை. கூரை மூலையில் கரும்புள்ளி, அரை மணி நேரமாகியும் தெளியாத கண்ணாடி, ஊதிப்போன கதவு அடிப்பகுதி, உரியும் பெயின்ட், இவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டால் தேவை.

என்ன அளவு ஃபேன் வாங்க வேண்டும்?

அறையின் கன அளவை எடுத்து, மணிக்கு எட்டு முறை காற்று மாற வேண்டும் என்று கணக்கிடுங்கள். 2.4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் என்றால் 9.7 கன மீட்டர். எட்டால் பெருக்கினால் மணிக்கு 78 கன மீட்டர்.

அடிக்கணக்கில் பார்ப்பவர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, எட்டால் பெருக்கி, 60ஆல் வகுத்தால் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற அளவு, கிடைக்கும். 8×5×9 அடி அறைக்கு 48 சிஎஃப்எம். ஒரு சிஎஃப்எம் என்பது மணிக்கு 1.7 கன மீட்டர். இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

அறை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் 50 சிஎஃப்எம், அதாவது மணிக்கு 85 கன மீட்டருக்குக் கீழே போகாதீர்கள். ஷவரிலிருந்து வரும் நீராவி அறையின் அளவைப் பார்த்துக் குறைவதில்லை. ஜன்னலே இல்லாத அறை, அல்லது வீட்டில் பலர் அடுத்தடுத்துக் குளிக்கும் அறை என்றால் எட்டுக்குப் பதில் 10 அல்லது 12 என்று கணக்கிடலாம். 100 சதுர அடிக்கு மேற்பட்ட பெரிய குளியலறைக்குக் கன அளவை விட்டுவிட்டுச் சாதனங்களை எண்ணுவது வழக்கம்: கழிப்பறைக் கோப்பைக்கு 50, ஷவருக்கு 50, குளியல் தொட்டிக்கு 50 சிஎஃப்எம்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பலாமா?

அந்த எண் பொய்யல்ல. ஆனால் பல ஃபேன்களுக்கு அது தடையற்ற காற்றில், பைப்பும் ஷட்டரும் வலையும் இல்லாமல், எடுத்த அளவு. உங்கள் சுவரில் அவை எல்லாமே இருக்கும்.

சின்ன அச்சுவிசை ஃபேன், அதாவது காற்று நேராக உள்ளே நுழைந்து நேராக வெளியேறும் சாதாரண இறக்கை வகை, எதிர்ப்பைத் தாங்காது. 20 முதல் 30 பாஸ்கல் எதிர்ப்பு வந்தாலே அதன் காற்றளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போய்விடலாம். ஆகவே விவரத்தாளில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, 25 பாஸ்கல் அழுத்தத்தில், அதாவது 0.1 அங்குல நீர் அழுத்தத்தில், எவ்வளவு காற்று தள்ளும் என்பது. மற்றொன்று, அதிகபட்ச அழுத்தம் எத்தனை பாஸ்கல் என்பது. இரண்டுமே இல்லாத ஃபேனை நேராகச் சுவரைத் துளைத்து வெளியே விடும் இடத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அங்கும் கணக்கில் வந்த அளவைவிடக் கால் பங்கு கூடுதலாக உள்ளதை எடுப்பது நல்லது.

100 மிமீ போதுமா, 150 மிமீ வேண்டுமா?

100 மிமீ ஃபேன்கள் பெரும்பாலும் மணிக்கு 80 முதல் 100 கன மீட்டர் வரை தள்ளும். வெளிச்சுவரில் நேராகப் பொருத்தும் சின்னக் குளியலறைக்கு அது போதும். அதைவிடப் பெரிய அறைக்கும், வழியில் ஒரு வளைவாவது இருக்கும் இடத்துக்கும் 150 மிமீ. வென்டிலேட்டரில் மாட்டும் 200, 225, 250 மிமீ உலோக ஃபேன்கள் காற்றை வாரி இறைக்கும். சின்ன அறைக்கு அவ்வளவு தேவையில்லை, சத்தமும் அதிகம். எனினும் திறப்பு ஏற்கெனவே அந்த அளவில் இருந்தால் அதை அடைத்துச் சின்ன ஃபேன் போடுவதைவிடப் பெரியதையே போடுவது சுலபம்.

ஃபேன் வகைகள் என்னென்ன?

வெளிச்சுவர் அருகிலேயே இருந்தால், மொத்தப் பைப் நீளம் ஒன்றரை மீட்டருக்குள் என்றால், அச்சுவிசை ஃபேன். பைப் 3, 4 மீட்டர் ஓடுகிறது, இரண்டு முழங்கை வளைவும் இருக்கிறது என்றால் மையவிலக்கு வகை. இதில் இறக்கைக்குப் பதிலாக அணில் கூண்டு போன்ற சக்கரம் சுழலும். அதைவிட நீண்ட ஓட்டத்துக்குப் பைப்பின் நடுவில் பொருத்தும் இன்லைன் ஃபேன் பொருந்தும். மோட்டார் குளியலறைக்கு வெளியே இருப்பதால் சத்தமும் குறைவு. ஆனால் சுத்தம் செய்யக் கை எட்டும் இடத்தில் அதை வைக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வைத்து மூடிவிட்டு, பழுதானபோது சீலிங்கை உடைப்பது வழக்கமாகிவிட்டது. 45 செமீ சதுரத்தில் ஒரு திறப்பு விட்டால் அந்த வேலை மிச்சம்.

100 மிமீ ஃபேனுக்கு 75 மிமீ பைப் போடலாமா?

கூடாது. 75 மிமீ பைப்பின் பரப்பு 44 சதுர செமீ. 100 மிமீ பைப்புக்கு 78. அதே அளவு காற்று ஏறக்குறைய பாதி வழியில் போக வேண்டுமானால் வேகம் கூடும். எதிர்ப்போ, விட்டம் குறையக் குறைய, அந்தக் குறைவின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். அதாவது நான்கு மடங்குக்கு மேல். அச்சுவிசை ஃபேன் அங்கேயே திணறும், விசில் போன்ற சத்தமும் வரும். பைப் ஃபேனின் கழுத்தைவிடப் பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கக் கூடாது.

நெளிவுள்ள அலுமினிய பைப்புக்கும் இதே எச்சரிக்கை உண்டு. உள்சுவர் சுருக்கம் சுருக்கமாக இருப்பதால் வழவழப்பான பிவிசி பைப்பைவிட எதிர்ப்பு அதிகம். தொய்வாக விட்டால் இன்னும் மோசம். வேறு வழியில்லை என்றால் முழுவதுமாக இழுத்து நீட்டி, மிச்சத்தை வெட்டிவிட்டுப் பொருத்துங்கள். தொங்கும் இடத்தில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கிப் பைப்பையே அடைத்துவிடும்.

குளியலறையில் எந்த இடத்தில் பொருத்த வேண்டும்?

மூன்று நிபந்தனை. உயரத்தில் இருக்க வேண்டும், ஷவருக்கு அருகில் இருக்க வேண்டும், கதவுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். மூன்றும் ஒருசேர அமையாவிட்டால் மூன்றாவதை விட்டுக்கொடுக்காதீர்கள். கதவுக்கு மேலேயே ஃபேன் இருந்தால் கதவடியில் நுழையும் காற்று நேராக மேலேறிப் போய்விடும். ஷவர் மூலை அப்படியே ஈரமாகக் கிடக்கும்.

ஃபேனின் விளிம்புக்கும் கூரைக்கும் இடையே 5 முதல் 10 செமீ விடுங்கள். மூலையில் ஒட்டிப் பொருத்தினால் காற்று ஒரு பக்கமிருந்து மட்டும் இழுபடும், இறக்கை உறுமும். வெளிப்பக்க வாய் பக்கத்து ஜன்னலுக்கு நேராகவோ, ஏசியின் வெளி யூனிட்டுக்கு மேலோ வராமல் பாருங்கள்.

ஃபேன் ஓடும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் இன்னும் வேகமாகக் காயுமா?

ஜன்னல் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஃபேனுக்குப் பக்கத்திலேயே இருந்தால், ஜன்னல் வழியே வந்த காற்று இரண்டடி தூரம் வந்து ஃபேன் வழியே திரும்பிவிடும். ஃபேன் நன்றாக ஓடுகிறது, அறை மட்டும் காயவில்லை என்ற புகார்களில் நிறைய இப்படித்தான் வருகின்றன. வென்டிலேட்டரில் கண்ணாடித் தகடுகளை எடுத்துவிட்டு நடுவில் ஃபேனை வைத்து, சுற்றியுள்ள இடைவெளியை அடைக்காமல் விடுவதும் இதே தவறுதான். ஜன்னலை மூடி, கதவடி வழியாகக் காற்று வர விடுங்கள்.

கதவுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி தேவை?

வெளியே போகும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒரு கன மீட்டர் உள்ளே வர வேண்டும். 70 செமீ அகலக் கதவின் அடியில் 3 மிமீ சந்து இருந்தால் பரப்பு 21 சதுர செமீ. ஃபேன் பைப்புக்கு 78. இதில் ஃபேன் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. 10 மிமீ விட்டால் 70 சதுர செமீ, 20 மிமீ விட்டால் 140. 100 மிமீ ஃபேனுக்கு 10 முதல் 15 மிமீ, 150 மிமீக்கு 20 மிமீ வைத்துக்கொள்ளுங்கள். வாசல்படி உயர்ந்திருந்து அடியை அறுக்க முடியாதென்றால் கதவின் கீழ்ப்பகுதியில் பிளாஸ்டிக் கிரில் பொருத்தலாம்.

பழைய ஃபேன் இழுக்கவில்லை என்று புதிதாக வாங்கப் போகிறவர்கள் முதலில் கதவை ஒரு சாண் திறந்து வைத்துப் பார்க்கட்டும். பல வீடுகளில் கோளாறு அங்கேயே முடிந்துவிடும்.

குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது. ஃபேன் போட்டால் பாதுகாப்புதானே?

இல்லை, ஆபத்து கூடலாம். புகைக்குழாய் உள்ள கீசரில் எரிந்த வாயு தன் சூட்டின் விசையால்தான் மேலேறி வெளியே போகிறது. அந்த விசை மிகவும் பலவீனமானது. ஃபேன் அறையின் அழுத்தத்தைக் குறைத்தால், வெளியே போக வேண்டிய வாயு அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். நிறமும் மணமும் கிடையாது, மூடிய குளியலறையில் சில நிமிடங்களில் மயக்கம் வந்துவிடும். புகைக்குழாயே இல்லாத கீசர் என்றால் வாயு முழுவதும் அறைக்குள்தான் வருகிறது. அதை ஒரு சின்ன ஃபேன் காப்பாற்றும் என்று நினைக்கக் கூடாது.

கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். அல்லது எரிவதற்கான காற்றையும் வெளியிலிருந்தே எடுத்து வெளியிலேயே விடும், எரியும் பகுதி முழுவதும் மூடப்பட்ட கீசர் வகைக்கு மாறுங்கள். அதற்குப் பிறகு ஃபேன் பற்றி யோசிக்கலாம். மின்சாரக் கீசருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே காற்றை விட்டுவிடலாமா?

வேண்டவே வேண்டாம். ஈரம் எங்கும் போகவில்லை, இடம் மட்டும் மாறியிருக்கிறது. ஜிப்சம் பலகை ஊறும், கம்பிகள் துருப்பிடிக்கும், பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளரும். பைப் கட்டாயம் வெளிக்காற்று வரை போக வேண்டும்.

அடுக்குமாடியில் பைப் ஷாஃப்டுக்குள் விட்டால்?

மேலே திறந்த ஷாஃப்ட் என்றால் விடலாம். ஆனால் மற்ற வீடுகளின் ஃபேன்களும் அதே ஷாஃப்டில் தள்ளுவதால், உங்கள் ஃபேன் நின்றிருக்கும்போது அவர்கள் வாடை உங்கள் வீட்டுக்குள் வரும். ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சிறகு ஷட்டர் ஒன்றைப் பைப்பில் பொருத்துங்கள். தானாக விழுந்து மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள் ஷாஃப்டில் உருவாகும் அழுத்தத்துக்கு நிற்காது. இரண்டு குளியலறை ஃபேன்களை ஒரே பைப்பில் சேர்த்தாலும் இதே கதைதான்; ஒவ்வொன்றுக்கும் தனி ஷட்டர் இல்லாவிட்டால் ஒன்று தள்ளுவது மற்றொன்றின் வழியே உள்ளே வரும்.

சமையலறைச் சிம்னி ஓடும்போது மட்டும் குளியலறை வாடை கூடத்துக்கு வருகிறதா? சிம்னிக்கு வேண்டிய காற்று வேறெங்கும் கிடைக்காமல் குளியலறை ஃபேன் வழியாக உள்ளே இழுபடுகிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நின்றுவிடும்.

தண்ணீர் தெறிக்கும் இடத்தில் ஃபேன் இருக்கலாமா?

ஃபேனின் மேல் ஐபி எண் இருக்கும்; தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் குறியீடு அது. இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கானது. ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்5 பீய்ச்சியடிக்கும் நீரையும் தாங்கும்.

பல நாடுகள் பின்பற்றும் சர்வதேச மின்விதிகளின்படி, ஷவர் அல்லது தொட்டிக்கு மேலே தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை முதல் மண்டலம். அதைச் சுற்றி இன்னும் 60 செமீ இரண்டாம் மண்டலம். தொட்டியோ தட்டோ இல்லாமல் தரையிலேயே குளிக்கும் அமைப்பில், ஷவர் வாயிலிருந்து எல்லாப் பக்கமும் 1.2 மீட்டர் தூரம் வரை முதல் மண்டலம்தான். இந்தப் பகுதிகளில் குறைந்தது ஐபிஎக்ஸ்4 வேண்டும். ஷவருக்கு நேர் மேலே என்றால் 12 வோல்ட் ஃபேன் சிறந்தது. அதன் டிரான்ஸ்ஃபார்மர் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். வென்டிலேட்டருக்கான திறந்த உலோக ஃபேன்களில் பலவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இருக்காது. கைஷவர் நீர் எட்டாத உயரத்திலும் தூரத்திலும் மட்டுமே அவற்றை வையுங்கள்.

வென்டிலேட்டரில் எப்படிப் பொருத்துவது?

கண்ணாடியை முழுவதுமாக எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு ஏசிபி தகடோ (அலுமினியப் பூச்சுள்ள பலகை) அக்ரிலிக்கோ வெட்டி அதில் வட்டத் துளை போடுவது எளிது. பிளைவுட் ஈரத்தில் ஊதும். போட்டே ஆக வேண்டும் என்றால் வெட்டிய விளிம்புகளுக்கும் பெயின்ட் அடியுங்கள். கண்ணாடியிலேயே துளை வேண்டுமென்றால் சாதாரணக் கண்ணாடியாக இருக்க வேண்டும். டஃப்பன்டு, அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய, கண்ணாடியை அறுக்க முனைந்தால் முழுவதும் நொறுங்கிவிடும். அதில் துளையிட்ட பிறகுதான் பதப்படுத்த முடியும்.

உலோக ஃபேனின் நான்கு போல்ட்டிலும் ரப்பர் புஷ் போடுங்கள். இல்லாவிட்டால் மொத்தச் சட்டமும் மோட்டாரோடு சேர்ந்து இரையும். உடலில் உள்ள அம்புக்குறி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். சட்டத்தைச் சுற்றி சிலிக்கான் அடித்து ஒரு சந்தும் விடாமல் மூடுங்கள். வெளியே மழை மறைப்பும், பறவை புகாத 10 மிமீ அளவு வலையும் தேவை.

சுவரைத் துளைத்துப் பொருத்தும் முறை என்ன?

இங்கே 100 மிமீ ஃபேனையும் 110 மிமீ பிவிசி பைப்பையும் வைத்துச் சொல்கிறோம்.

1. துளை வரும் இடத்தில் தண்ணீர்ப் பைப், மின்கம்பி, கான்கிரீட் பீம், தூண் எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். குழாய்க்கும் ஸ்விட்சுக்கும் நேர் மேலே, நேர் பக்கவாட்டில் உள்ள கோடுகளில் பைப்போ கம்பியோ போக வாய்ப்பு அதிகம். துளையிடும்போது கான்கிரீட்டின் இரும்புக் கம்பி இடிபட்டால் துளையைத் தொடராதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

2. நடுப்புள்ளியில் நீளமான 8 அல்லது 10 மிமீ துளை ஒன்றை வெளிப்பக்கம் வரை போடுங்கள். வெளிப்பக்கம் அது 3 முதல் 5 மிமீ தாழ்ந்து வெளியேற வேண்டும். இந்தச் சரிவு இல்லாவிட்டால் மழை நீரும் பைப்பில் படியும் நீரும் ஃபேனுக்குள் வரும்.

3. 115 முதல் 120 மிமீ கோர் கட்டரால் பாதிச் சுவர் வரை உள்ளிருந்தும், மீதியை வெளியிலிருந்தும் வெட்டுங்கள். ஒரே பக்கத்திலிருந்து வெட்டினால் மறுபக்கப் பூச்சு பெரிய தட்டாகப் பெயர்ந்து விழும். டைல்ஸ் மீது சுத்தியல் விசையை நிறுத்திவிட்டுச் சுழற்சி மட்டும் வைத்துத் தொடங்குங்கள். வெளியே கீழே யாரும் நடக்காதபடி ஆள் நிறுத்துங்கள்.

4. பைப்பை வைத்து, சுற்றியுள்ள இடத்தைச் சிமென்ட் கலவையாலோ ஃபோமாலோ நிரப்புங்கள். ஃபோம் போட்டால் வெளிமுகத்தில் சிமென்ட் பூச்சு வேண்டும். வெயிலில் ஃபோம் பொடியாகிவிடும். ஃபோம் விரியும்போது மெல்லிய பைப்பை நசுக்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள்.

5. மின்கம்பி நுழையும் இடத்தை ஃபேன் உடலில் பார்த்துச் சுவரில் குறியுங்கள். கம்பி உள்ளே போகுமுன் கீழே ஒரு வளைவு தொங்கினால், கம்பி வழியே வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

6. உடலைச் சுவரில் வைத்து ராவல் பிளக்கும் திருகும் போடுங்கள். திருகுகளைச் சமமாக, கை இறுக்கத்தோடு நிறுத்துங்கள். சுவர் மேடுபள்ளமாக இருக்கும்போது இறுக்கிப் பிடித்தால் பிளாஸ்டிக் வட்டம் நெளிந்து இறக்கை உரசும். புதிய ஃபேன் முதல் நாளே சத்தம் போட இது முக்கியமான காரணம். பள்ளமான இடத்தில் மெல்லிய ரப்பர் துண்டு வையுங்கள்.

7. இறக்கையைக் கையால் சுழற்றிப் பாருங்கள். உரசாமல் சுற்றினால்தான் மின் இணைப்பு.

8. வெளியே ஷட்டரைப் பொருத்துங்கள். தகடுகள் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். பைப் முனை ஷட்டருக்குள் நீண்டு தகட்டைத் தடுக்கவில்லையா என்று பாருங்கள்.

மின் இணைப்பில் கவனிக்க வேண்டியவை?

எம்சிபியை, அதாவது மின்பெட்டியில் அந்தச் சுற்றுக்கான ஸ்விட்சை, அணைத்துவிட்டு வேலை தொடங்குங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. ஸ்விட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருந்தால் ஃபேன் நின்றிருந்தாலும் கம்பியில் மின்சாரம் இருக்கும். ஸ்குரூ டிரைவர் டெஸ்டரின் விளக்கு எரியவில்லை என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல் மல்டிமீட்டரால் பாருங்கள்.

1 அல்லது 1.5 சதுர மிமீ செம்புக் கம்பி போதும். குளியலறை மின்சுற்று முழுவதும் மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் பாதுகாப்பில் இருக்க வேண்டும். ஃபேன் உடலில் சதுரத்துக்குள் சதுரம் குறியிருந்தால் அது இரட்டைக் காப்பு வகை, எர்த் தேவையில்லை. உலோக உடல் என்றால் எர்த் கட்டாயம். ஸ்விட்சைக் குளியலறைக்கு வெளியே வையுங்கள். இணைப்புகளை டேப் சுற்றி விடாமல் கனெக்டரில், ஃபேனின் மூடிக்குள்ளேயே முடியுங்கள். இதில் பழக்கமில்லாதவர்கள் துளை, பைப் வேலைகளை முடித்துவிட்டு இந்தப் பகுதியை எலெக்ட்ரீஷியனிடம் விடலாம்.

டைமர் உள்ள ஃபேனுக்கு மூன்று கம்பி தேவை: எப்போதும் மின்சாரம் உள்ள ஃபேஸ், ஸ்விட்சிலிருந்து வரும் ஃபேஸ், நியூட்ரல். சாதாரண ஃபேன் இருந்த இடத்தில் இரண்டு கம்பிதான் இருக்கும். வாங்குமுன் இதைப் பாருங்கள். இண்டிகேட்டர் விளக்குள்ள ஸ்விட்சையும் டைமர் ஃபேனுக்குத் தவிருங்கள். அந்த விளக்கு வழியே கசியும் சிறு மின்சாரமே டைமரை ஏமாற்றி ஃபேன் நிற்காமல் ஓடச் செய்வதுண்டு.

டைமர் நல்லதா, ஈரப்பத சென்சார் நல்லதா?

சென்சார் கேட்க நன்றாக இருக்கும். 60 அல்லது 70 சதவீதம் என்று வைத்தால் ஈரம் ஏறும்போது தானாக ஓடி, இறங்கியதும் நிற்கும். ஆனால் கடலோரத்திலும் மழைக்காலத்திலும் வெளிக்காற்றே 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அப்போது ஃபேன் இரவு பகலாக ஓடும். அதைப் பொறுக்காமல் வீட்டார் அளவை 90க்கு ஏற்றிவிடுவார்கள். பிறகு குளித்தாலும் ஓடாது. அத்தகைய இடங்களுக்கு 20 நிமிட டைமர்தான் சரி. வறண்ட, குளிர்ந்த ஊர்களில் சென்சார் நன்றாக வேலை செய்யும்.

ரெகுலேட்டர் போடலாமா?

தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டும். சின்ன ஃபேன் மோட்டார்கள் குறைந்த வோல்ட்டில் முனகும், சூடாகும், சில நேரம் சுழலவே தொடங்காது.

எவ்வளவு நேரம் ஓட வேண்டும்?

குளிக்கத் தொடங்கும்போதே போடுங்கள், முடித்த பின் 20 நிமிடம் ஓடட்டும். நீராவி சுவரில் படிந்த பிறகு அதைக் காய வைப்பது, காற்றில் இருக்கும்போதே வெளியேற்றுவதைவிட மிகவும் மெதுவான வேலை. தரையிலும் சுவரிலும் நிற்கும் நீரை வைப்பரால் தள்ளிவிட்டால் ஃபேனின் வேலை வெகுவாகக் குறையும்.

20 வாட் ஃபேன் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 0.6 யூனிட். மின்கட்டணத்தில் அது தெரியவே தெரியாது. ஏசி ஓடும் படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை என்றால் மட்டும் மறந்து விட்டுவிடாதீர்கள். மணிக்கு 80 கன மீட்டருக்கு மேல் குளிர்ந்த காற்று வெளியே போகும்.

சத்தம் குறைவான ஃபேனை எப்படி அடையாளம் காண்பது?

டெசிபலை எந்தத் தூரத்தில் அளந்தார்கள் என்று பாருங்கள். 3 மீட்டரில் அளந்த எண், அதே ஃபேனை 1 மீட்டரில் அளந்ததைவிட 9 டெசிபல் வரை குறைவாகத் தெரியும். தூரம் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். காதுக்குக் கேட்கும் உரத்தைக் குறிக்கும் சோன் அளவில் கொடுத்திருந்தால் எளிது: 2 சோன் என்பது காதுக்கு 1 சோனைப் போல இருமடங்கு. 1 அல்லது அதற்குக் கீழே என்றால் அமைதியான ஃபேன். கூரையில் இறக்கை தரையைப் பார்த்தபடி பொருத்துவதானால் பால் பேரிங் உள்ளதை எடுங்கள். பால் பேரிங்குக்குப் பதில் சாதாரண உலோக வளையத்தில் தண்டு சுழலும் புஷ் வகைகளில் பல, தண்டு கிடைமட்டமாக இருக்கும்போதுதான் நீடித்து உழைக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனால் இழுக்கவில்லை. ஏன்?

ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைக் கிரில்லில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுப்பு இருக்கிறது. விழுந்தால் கதவைத் திறந்துவிட்டு மீண்டும் வையுங்கள். இப்போது நின்றால் காற்று உள்ளே வர வழியில்லை என்று பொருள். அப்போதும் விழுந்தால் கோளாறு வெளியேறும் பக்கம்: ஷட்டர் தகடுகள் பெயின்டில் ஒட்டியிருக்கலாம், கொசுவலை பஞ்சடைத்திருக்கலாம், பைப்பில் குருவி கூடு கட்டியிருக்கலாம், பைப் மூட்டு கழன்று சீலிங்குக்குள் காற்று போகலாம். கழற்றிச் சுத்தம் செய்தபின் இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் இறக்கை திருப்பி மாட்டப்பட்டிருக்கும்.

உறுமுகிறது, சுழலவில்லை. மோட்டார் போய்விட்டதா?

மின்சாரத்தை அணைத்து, இறக்கையைக் கையால் சுற்றுங்கள். கனமாக இருந்தால் தண்டில் தூசியும் முடியும் சுற்றி எண்ணெய் பிசினாகியிருக்கிறது. சுத்தம் செய்து, மெல்லிய மெஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காலப்போக்கில் மேலும் பிசுக்காகும். லேசாகச் சுழல்கிறது, மின்சாரம் கொடுத்தால் உறுமல் மட்டும் வருகிறது என்றால், பெரிய ஃபேன்களில் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும். பழையதன்மேல் எழுதியுள்ள அதே மைக்ரோ ஃபேரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் உள்ளதை மாற்றுங்கள். பல 100 மிமீ ஃபேன்களில் கெப்பாசிட்டரே இருக்காது. அவை இறுகி நின்ற நிலையில் மின்சாரம் தொடர்ந்தால் உள்ளிருக்கும் வெப்ப ஃபியூஸ் எரிந்துவிடும். அதற்குமேல் சத்தமும் வராது, ஃபேனை மாற்றுவதுதான் வழி.

ஃபேனிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

மழையின்போது மட்டும் என்றால் வெளி மறைப்பு இல்லை அல்லது பைப் உள்பக்கம் சரிந்திருக்கிறது. குளிர்காலத்தில் குளித்த பிறகு என்றால் பைப்புக்குள் நீராவி குளிர்ந்து தண்ணீராகிறது. குளிர்ந்த பகுதியில் ஓடும் பைப்பின் மேல் 25 மிமீ காப்புறை சுற்றுங்கள். கூரை வழியாக நேர் மேலே போகும் பைப்பில் இது போதாது. அடியில் நீர் பிடிக்கும் கிண்ணமும் வடிகால் குழாயும் வேண்டும். எந்தக் காரணமானாலும் சொட்டு நிற்கும்வரை ஃபேனைப் போடாதீர்கள்.

காற்றடிக்கும்போது ஷட்டர் படபடவென்று அடிக்கிறது.

தகடுகளின் உள்விளிம்பில் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டுங்கள். அப்படியும் நிற்காத காற்றோட்டமான முகப்பு என்றால் தகட்டு ஷட்டரை எடுத்துவிட்டு, கீழ்நோக்கி வாய் உள்ள மூடியும் பைப்புக்குள் ஸ்பிரிங் ஷட்டரும் போடுங்கள்.

எப்போது சுத்தம் செய்ய வேண்டும்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரில்லையும் இறக்கையையும். கொசுவலை இருந்தால் மாதம் ஒருமுறை வலையை மட்டும் தூரிகையால் தட்டுங்கள். எம்சிபியை அணைத்து, கிரில்லைச் சோப்பு நீரில் கழுவி, இறக்கையை ஈரத்துணியால் துடையுங்கள். மோட்டார் மேல் தண்ணீரோ ஸ்பிரேயோ அடிக்கக் கூடாது. காய்ந்த பிரஷ் போதும். இறக்கையின் ஒரு பக்கம் மட்டும் தூசி நீங்கி மறுபக்கம் ஒட்டியிருந்தால் எடை சமமில்லாமல் அதிரும். துடைத்தால் எல்லா இறக்கையையும் துடையுங்கள். எண்ணெய் விட்டும் ஓரிரு வாரத்தில் மறுபடி முனகத் தொடங்கினால் புஷ் தேய்ந்துவிட்டது. அதே அளவு கழுத்துள்ள புதிய ஃபேனை வாங்கிப் பழைய துளையிலேயே பொருத்துங்கள். திருகுத் துளைகள் மட்டும் இடம் மாறும்.